பழ ஈக்குப் பட்டம்

இலங்கை அரசாங்கத்துக்கு யாராவது சமூக ஊடக ஆய்வில் ஒரு கலாநிதிப் பட்டம் கொடுக்க வேண்டும். கௌரவப் பட்டம் போதாது, பாடுபட்டு வாங்கிய பட்டமாகவே கொடுக்க வேண்டும். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது அரசாங்கம் எதையெல்லாம் முடக்கியது? பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தப் பட்டியலில் யூடியூபும் ஏறியது. இரண்டு தடவையும் டுவிட்டரை ஒருவரும் தொடவில்லை. ஆளில்லாத தெருவுக்கு ஊரடங்கு எதற்கு என்று யாரோ ஓர் அதிகாரி சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, கோட்டாபய ராஜபக்ஷவை வீட்டுக்குப் போகச் சொல்லிக் கொழும்பு கிளம்பிய நேரத்தில் டுவிட்டருக்கும் அந்த மரியாதை கிடைத்தது. அதுவும் ஒரு நாள் முழுதாக நீடிக்கவில்லை.

ஆக, சனங்கள் எங்கே பேசுகிறார்கள் என்பது வாயைப் பொத்த வந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. காது கொடுத்துக் கேட்பதற்கென்றே சம்பளமும் சப்பாட்டிக்கல் விடுமுறையும் வாங்குகிறவருக்குத் தெரியவில்லை.

சமூக ஊடகத்தைப் பற்றி உலகப் பல்கலைக்கழகங்கள் பதினைந்து வருசத்துக்கு மேலாக எழுதிக் குவித்திருப்பதை ஒருநாள் புரட்டிப் பாருங்கள். எங்கே பார்த்தாலும் டுவிட்டர். டுவிட்டரும் தேர்தலும், டுவிட்டரும் காய்ச்சலும், டுவிட்டரும் காதல் முறிவும். 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மூவர் நிலநடுக்கத்தை ட்வீட்டுகளை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். அடுத்த வருசம் டுவிட்டரின் மனநிலையைப் பார்த்து அமெரிக்கப் பங்குச் சந்தையின் போக்கைச் சொல்லலாம் என்று இன்னொரு கட்டுரை வந்தது. இப்படிப் போனால் டுவிட்டரைப் பார்த்து எங்கள் ஊர் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்றும் சொல்லிவிடுவார்கள் என்று கொஞ்ச நாள் நம்பிக்கையோடு இருந்தேன்.

சரி, டுவிட்டர் பிறந்த நாட்டிலாவது எல்லோரும் அதில்தான் கிடந்தார்களா? பியூ ஆய்வு மையம் 2023இல் அமெரிக்காவின் வயதுவந்தோரிடம் கேட்டுப் பார்த்தது. யூடியூப் பார்க்கிறவர்கள் 83 சதவீதம், பேஸ்புக்கில் இருப்பவர்கள் 68 சதவீதம். டுவிட்டர்? 22. கேக் குறிப்பும் கலியாண அலங்காரமும் சேர்த்து வைக்கிற பின்டரஸ்டுக்கே 35 சதவீதம் இருந்தது. பின்டரஸ்டின் மனநிலையைப் பார்த்துப் பங்குச் சந்தை சோதிடம் சொன்ன பேராசிரியரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

காரணத்தைத் தேடி மலை ஏற வேண்டாம். டுவிட்டர் ஓசியில் கொடுத்தது. உலகத்தில் போடப்படும் ட்வீட்டுகளில் நூற்றில் ஒன்றை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக் குழாய் திறந்து விட்டிருந்தது. இரவில் புரோகிராமை ஓட விட்டுப் படுத்தால் விடிய எழும்பும்போது லட்சம் பேரின் பேச்சு கொம்பியூட்டரில் நிறைந்திருக்கும். ஒருவர் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை, அட்டை கடிக்காது, லயத்து நாய் துரத்தாது, மொழிபெயர்ப்பாளருக்குப் படி கொடுக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் விட, அதில் பேசுகிறவர்கள் ஆய்வாளரின் சாதி சனம்: பத்திரிகையாளர், தூதரகத்தார், சக பேராசிரியர், வழக்கறிஞர். தம்மைத் தாமே கண்ணாடியில் பார்த்துவிட்டு அதற்குச் சமூகம் என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதலாம்.

இதைச் சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. துருக்கியில் பிறந்த சமூகவியலாளர் செய்னெப் துஃபெக்சி 2014இல் ஒரு மாநாட்டுக் கட்டுரையில் கறாராக எழுதினார். மரபியல்காரர்களுக்குப் பழ ஈ எப்படியோ அப்படி ஆகிவிட்டது சமூக ஊடக ஆய்வுக்கு டுவிட்டர் என்றார். பழ ஈ சீக்கிரம் பெருகும், மலிவாய்க் கிடைக்கும், போத்தலுக்குள் அடங்கும். அதை ஆராய்வதில் குற்றமில்லை. பழ ஈயை மட்டும் பார்த்துவிட்டு யானைக்கும் இப்படித்தான் இறக்கை முளைக்கும் என்று முடிவு கட்டுவதுதான் குற்றம். கட்டுரையை நிறையப் பேர் மேற்கோள் காட்டினார்கள். காட்டிவிட்டுப் பழையபடி டுவிட்டர் குழாயடிக்கே குடத்தோடு போனார்கள்.

யானையைப் பார்க்க வேண்டுமானால் கொஸ்லந்தைக்கு வரலாம். பேராகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்குகிற ஏ4 பாதையில் இருக்கிறது எங்கள் ஊர். ரீலோட் கடை வாசலில் ஐந்து நிமிசம் நில்லுங்கள். டிக்டொக்குக்கு எந்தக் கார்டு லாபம் என்று கேட்டுக்கொண்டு இரண்டு பொடியன்கள் நிற்பார்கள். ஒரு கிழவி சேலைத் தலைப்பில் சுற்றிய போனை அவிழ்த்து நீட்டி, ‘இமோ வேலை செய்ய மாட்டேங்குது, பாரு தம்பி’ என்பாள். மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருப்பாள், பேரப்பிள்ளை இங்கே பாலர் பாடசாலைக்குப் போகும். அந்தக் குடும்பம் ஒரு குடும்பமாக இருப்பது இமோவில்தான். சாயந்திரம் லயத்து வாசலில் சிக்னல் பிடிக்கிற ஒரே கல்லின் மேல் போனைச் சாத்தி வைத்து, மொத்த வீடும் அதன் முன்னால் குந்தியிருக்கும். மத்திய கிழக்கிலிருந்து வருகிற டொலரைப் பற்றி மத்திய வங்கி மாதா மாதம் கணக்குச் சொல்கிறது. அந்த டொலரை அனுப்புகிற தாய் பிள்ளைக்குச் சோறு ஊட்டச் சொல்லி வீடியோவில் கெஞ்சுகிற செயலியைப் பற்றி எத்தனை கலாநிதிகள் எழுதியிருக்கிறார்கள்?

தோட்டத்து வட்ஸ்அப் குரூப் இன்னொரு உலகம். வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டு நாளைக்கு எத்தனை மணிக்கு, எந்த மலையில் கொழுந்து, நிறுவையில் எத்தனை கிலோ கழித்தார்கள், அரை நாள் சம்பளம் மட்டும் எழுதி அரைப் பேர் போட்ட கணக்கப்பிள்ளையை என்ன செய்யலாம், தேர்த் திருவிழாவுக்குத் தலைக்கு எவ்வளவு, இன்ன லயத்தில் இன்னார் தவறிவிட்டார், சங்கத் தலைவர் எங்கே ஒளிந்திருக்கிறார் எல்லாம் அதில் வரும். பாதிக்கு மேல் வொய்ஸ். தட்டச்சுப் பண்ணத் தெரியாதவர்கள் ஒரு நிமிசம், இரண்டு நிமிசம் பேசி அனுப்புவார்கள். பின்னணியில் மழை கேட்கும், பிள்ளை அழும், பக்கத்து வீட்டு டீவி கேட்கும். இதைப் பெருந்தரவு ஆய்வாளரிடம் கொடுத்தால் ‘எழுத்து வடிவத்தில் இல்லை, மொழி அடையாளம் காணப்படவில்லை’ என்று கழித்துக் கட்டிவிடுவார். பெரட்டுக்களத்தில் அரைப் பேர் என்பது இதுதான்.

‘வட்ஸ்அப் மூடிய வீடு, உள்ளே எப்படி நுழைவது? ஆய்வு நெறி இடங்கொடுக்காதே’ என்பார்கள். நல்லது, நுழைய வேண்டாம். தோட்டத்துச் சனங்களின் பேச்சை ஒளிந்து கேட்கத் துரைமார் இருக்கிறார்கள், பொலிஸ் இருக்கிறது, 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆய்வாளரும் சேரத் தேவையில்லை. ஆனால் வாசலில் உட்கார்ந்து ‘அம்மா, இந்தப் போனில் என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்க எந்த நெறிக் குழு தடை போட்டது? பண்டாரவளையிலிருந்து பஸ் ஓடுகிறது. தியலும நீர்வீழ்ச்சிக்கு வர மட்டும் வழி தெரிகிறதே! 220 மீற்றர் உயரம், உச்சியில் குளிக்கத் தடாகம், இன்ஸ்டகிராமில் போட்டால் இதயம் இதயமாய்க் கொட்டும். கொஸ்லந்தைக்கு அந்தப் பக்கம் அருவிக்குக் கமரா பிடிக்கிற உலகம் இந்தப் பக்கம் திரும்பினால் மீரியபெத்த தெரியும்.

2014 ஒக்டோபர் 29, காலை எட்டு மணிக்கு முன்பு, அம்பிட்டிகந்த தோட்டத்தின் மீரியபெத்த பிரிவில் மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்ட பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடுமில்லை, வீட்டில் இருந்தவர்களுமில்லை. முதல் நாள் செய்திகளில் காணாமற் போனவர்கள் நூறு என்றார்கள், இருநூறு என்றார்கள், முந்நூறு என்றார்கள். பிறகு எண்ணி எண்ணிக் கடைசியில் முப்பத்தேழில் வந்து நின்றார்கள். அவர்களில் பெரும்பாலானோரின் உடல் இன்னும் அந்த மண்ணுக்குள்தான் கிடக்கிறது. முந்நூற்றுக்கும் முப்பத்தேழுக்கும் நடுவே அத்தனை நாள் அலைந்த அந்த வித்தியாசம் என்ன? ஒரு தோட்டப் பிரிவில் எத்தனை உயிர் வாழ்ந்தது என்று நாட்டுக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை என்பதுதான். கொழுந்து நிறுத்தால் கிராம் பிசகாது, சந்தா வெட்டினால் சதம் பிசகாது. ஆள் கணக்கு மட்டும் குத்துமதிப்பு.

அதே 2014இல், மீரியபெத்தவுக்குச் சில மாதம் முன்பு, அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் ஆய்வாளர்கள் ‘லிட்மஸ்’ என்ற ஒரு முறையைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்கள். டுவிட்டர், யூடியூப், இன்ஸ்டகிராம் மூன்றிலும் வருகிற பேச்சை மழை அளவோடும் நில அதிர்வோடும் சேர்த்துப் பார்த்து உலகத்தில் எங்கே மண் சரிகிறது என்று கண்டுபிடிக்கும் முறை. நல்ல மூளைகள், நல்ல நோக்கம், அதில் சந்தேகமே இல்லை. அவர்களுக்குப் பெரிய தலையிடி எதுவென்றால், ஆங்கிலத்தில் மண்சரிவுக்கு உள்ள சொல்லைத்தான் தேர்தலில் அமோக வெற்றி பெற்றவர்களுக்கும் சொல்கிறார்கள், அதே பெயரில் புகழ்பெற்ற ஒரு பாட்டும் இருக்கிறது. ஆகவே பாட்டையும் பாராளுமன்றத்தையும் கழித்துவிட்டு மண்ணைத் தேட வேண்டியிருந்தது. மீரியபெத்தவில் மண்ணுக்கு அடியில் போனவர்கள் பாட்டுப் போடவுமில்லை, ட்வீட் போடவுமில்லை. வாக்குப் போட்டிருப்பார்கள்.

இனி இன்னொரு கணக்கு. 2017இல் உலகத்தில் நடந்த ஏழு பேரனர்த்தங்களின் ட்வீட்டுகளைத் திரட்டி, கட்டாரில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தினர் 2018இல் ‘கிரைசிஸ்எம்எம்டி’ என்ற தரவுத் தொகுதியை வெளியிட்டார்கள். அனர்த்த நேரத்தில் எந்தப் படத்தில் உதவி வேண்டும், எதில் சேதம் என்று கொம்பியூட்டருக்குப் படிப்பிக்க உலகம் முழுவதும் பயன்படுத்துகிற தொகுதி அது. அமெரிக்காவின் ஹார்வி சூறாவளிக்கு 66,64,349 ட்வீட்டுகள். அந்த வருசம் மே மாதம் இலங்கையில் நடந்த வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் 41,809. ஏழில் கடைசி இடம் நமக்கு. ஹார்வியில் இறந்தவர்கள் நூறைச் சுற்றி. இலங்கையில் இறந்தவர்கள் இருநூறுக்கும் மேல். தரவு திரட்டியவர்கள் ஒளிக்கவில்லை, உள்ளதை உள்ளபடி பட்டியல் போட்டிருக்கிறார்கள், அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஆனால் அந்தத் தொகுதியில் படித்து வளர்கிற இயந்திரம் துக்கத்தை எதைக் கொண்டு அளக்கும்? அளந்து பார்த்துவிட்டு டெக்சாஸ் கூரைக்குப் படகு அனுப்பும், களுத்துறைக்கு ‘தரவு போதாது’ என்று எழுதும்.

41,809. அந்தக் கடைசி ஒன்பதைப் பார்த்தீர்களா? ட்வீட் என்றால் ஒற்றை இலக்கம் வரை சுத்தமாக எண்ணத் தெரிகிறது.

மீரியபெத்த விசயத்தில் ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் வயிறு எரிகிற இடம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 2005இல் அந்த மலையைப் பார்த்து, இங்கே சனங்கள் இருக்கக் கூடாது, அப்புறப்படுத்துங்கள் என்று சொன்னது. 2011இல் மறுபடியும் சொன்னது. பாறையையும் மண்ணையும் ஊற்றுக் கண்ணையும் காலால் நடந்து பார்த்துச் சொன்ன ஆராய்ச்சி அது. அதற்கு எத்தனை லைக்? எத்தனை ஷெயார்? எந்த உலக இதழில் மேற்கோள்? கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போனது. அரசாங்கம் தோட்டக் கம்பனியைக் காட்டியது, கம்பனி சனங்களைக் காட்டியது, ‘போகச் சொன்னோம், அவர்கள்தான் போகவில்லை’ என்றது. போவதற்கு எங்கே இடம் கொடுத்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தோட்டத்துத் தொழிலாளிக்கு அவன் நிற்கிற மண்ணே சொந்தமில்லை, சரிகிற மண்ணை விட்டு எந்த மண்ணுக்கு ஓடுவான்? மலை இறங்கிய பிறகு எஞ்சியவர்கள் மாகல்தெனியவில் ஒரு பழைய பெக்டரிக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். 75 வீடுகள் கைக்கு வர 2016 ஒக்டோபர் ஆயிற்று. அந்த இரண்டு வருசமும் கேள்விக்கொத்தோடு வந்தவர்களுக்குக் குறைவில்லை. ‘சம்பவத்தின்போது உங்கள் உணர்வுகளை ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பிடுக.’

படிக்க வேண்டிய ஆராய்ச்சியை ஒருவரும் படிக்கவில்லை. படித்துத் தள்ளிய ஆராய்ச்சிக்குள் நாங்கள் இல்லை.

சமூக ஊடகத்தால் மலையகம் ஒன்றுமே செய்யவில்லையோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு திகதி சொல்கிறேன். 2018 ஒக்டோபர் 24. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்று மலையகத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் வந்து நின்றார்கள். கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிற பிள்ளைகள். சங்கம் கூப்பிடவில்லை, மந்திரி பஸ் பிடித்துக் கொடுக்கவில்லை. பேஸ்புக்கில் ஆளுக்காள் சொல்லிக் கூடிய கூட்டம். எண்பது வருசத் தொழிற்சங்கக் கோட்டைகளுக்கு வெளியே தோட்டத்துப் பிள்ளைகள் தாமாகத் திரண்டார்கள். சமூக ஊடகம் அரசியலை மாற்றுகிறதா என்று தேடித் திரிகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? பாவம், நேரம் சரியில்லை. இரண்டு நாள் கழித்து, 26ஆம் திகதி, மைத்திரிபால சிறிசேன ரணிலைக் கழற்றிவிட்டு மஹிந்தவைப் பிரதமர் ஆக்கினார். கொழும்பின் டுவிட்டர் தீப்பற்றிக்கொண்டது. அரசியலமைப்பு, ஜனநாயகம், சதி என்று ஆங்கிலத்தில் இரவு பகலாய் எழுதினார்கள். ஓசிக் குழாயில் அதுதான் கொட்டியது, குடங்களும் அங்கேதான் ஓடின. காலிமுகத்திடலில் கேட்ட ஆயிரம் ரூபா கையில் கிடைக்க 2021 ஆயிற்று.

இதற்கிடையில் ஓசிக் குழாயே நின்றுவிட்டது. டுவிட்டரை வாங்கி எக்ஸ் என்று பெயர் மாற்றிய ஈலோன் மஸ்க், 2023இல் இலவசத் தரவை வெட்டினார். பெரிய அளவில் வேண்டுமானால் மாதம் 42,000 டொலரிலிருந்து தொடங்கும் என்று செய்தி வந்தது. 2025இல் நாளுக்கு 1,350 ரூபா வாங்கிய கொழுந்துக்காரிக்கு இந்தத் தொகை ஒரு மாதத்து ட்வீட்டுகளின் விலை என்று விளங்கப்படுத்த நான் முயலப்போவதில்லை. பேஸ்புக்கைப் பார்க்க உதவிய கிரௌட்டாங்கிளை மெட்டா 2024 ஓகஸ்டில் மூடியது. டிக்டொக் ஆய்வாளருக்குக் கதவு திறந்திருக்கிறது என்கிறது, திறந்திருப்பது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும். ஆக, ஹப்புத்தளைப் பெண் போடுகிற டிக்டொக்கை ஹம்பர்க்கில் இருப்பவர் ஆராயலாம், பதுளையில் இருப்பவர் பார்த்து ரசிக்கலாம்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தது. நாடு முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மலைகள் சரிந்தன. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சிலது வரவேயில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இருபத்து நான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் கவனம், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறு என்று கட்டட ஆராய்ச்சி நிறுவகத்திடம் தெளிவான கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு லயத்துக்கு எந்த வழியால் வந்து சேர்கிறது? கிராம சேவகர் குரூப்பில் போட்ட ஒரு சிங்களப் படம், அதைப் பார்த்து யாரோ ஒரு பொடியன் பேசி அனுப்பிய வொய்ஸ். ‘மேல் லயத்துல இருக்கவங்க எல்லாரும் கோயிலுக்குப் போயிருங்க.’ உயிரைக் காப்பாற்றுகிற தகவல் பாதை அந்த ஐந்து செக்கன் குரல்தான். அதன் மேல் ஓர் ஆராய்ச்சி செய்தால் அடுத்த மழைக்கு நாலு பேராவது மிஞ்சுவார்கள். ஆனால் அதை வைத்து அழகான வரைபடம் போட முடியாது.

ஆகவே தோட்ட மக்களுக்கு ஒரு தாழ்மையான அறிவித்தல். இனி மண் சரிவதாக இருந்தால் தயவுசெய்து முன்கூட்டியே எக்ஸில் கணக்குத் திறந்து வைக்கவும். பதிவு ஆங்கிலத்தில் இருக்கட்டும், ஹேஷ்டேக் மறக்க வேண்டாம், இருப்பிடத்தை இயக்கி வைக்கவும், படம் தெளிவாய் இருக்க வேண்டும், வொய்ஸ் கண்டிப்பாக ஏற்கப்படாது. மண்ணுக்கு அடியிலிருந்து பதிவிடுகிறவர்கள் சிக்னலை உறுதிசெய்துகொள்ளவும். இந்த நிபந்தனைகளை நிறைவேற்றாத மரணங்கள் தரவுத் தொகுதியில் சேர்க்கப்படமாட்டா.

இல்லை, எக்ஸ் என்று சொன்னதையும் வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது. ஆய்வாளர்கள் இப்போது அங்கிருந்தும் சாமானைக் கட்டிக்கொண்டு புளூஸ்கைக்குக் குடிபோகிறார்கள். ஏன் என்று கேட்டால் மூடி மறைக்காமல் சொல்கிறார்கள்: அங்கே தரவு ஓசி. கொஸ்லந்தை ரீலோட் கடையில் புளூஸ்கை என்று கேட்டுப் பாருங்கள், நீல நிறத்தில் தொப்பி எடுத்துக் காட்டுவார்கள். பரவாயில்லை, நிதிக்கு விண்ணப்பம் போடும்போது கடைக்காரரை ஒருவரும் கேட்பதில்லை.